அனாதை இல்லங்களுக்கு மாணவர்களை அழைத்துப் போகாதீர்கள்: சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கும் இளையர் மன்றங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணங்களை ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கும், தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் மன்றங்களுக்கும், தமிழ் இளையர் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறைப் பயணங்களை நீங்கள் முடிவு செய்யும் நேரம் இது. கம்போடியாவின் சியம் ரீப், நோம்பென், நேப்பாளத்தின் காட்மாண்டு, இந்தோனீசியாவின் பாத்தாம் என்று ஊர் மாறும். ஆனால் நிகழ்ச்சி நிரலில் ஓர் அம்சம் அநேகமாக மாறுவதே இல்லை. ஒரு நாளோ மூன்று நாளோ ஓர் அனாதை இல்லத்தில் இருப்பது. சுவருக்குச் சாயம் பூசுவது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, விளையாட்டு, பரிசுப் பைகள், கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு படம். அந்த அம்சத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, இனி எப்போதுமே.

நான் இங்கே சிறுவர் நலத் துறையில் வேலை செய்பவள். பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடுவது என் வேலை. உங்கள் மாணவர்களின் மனத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. கார் கழுவியும் பலகாரம் விற்றும் நிதி திரட்டுகிறார்கள், பழைய புத்தகங்களைச் சேர்த்து அட்டை போடுகிறார்கள், போய் வந்த பிறகும் அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கலங்குகிறார்கள். இவ்வளவு நல்ல மனத்தை நாம் கொண்டுபோய் எந்த இடத்தில் இறக்கிவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். 2005-க்கும் 2010-க்கும் இடையில் அந்த நாட்டில் சிறுவர் பராமரிப்பு இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடி 269 ஆனது. அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டு இயக்கத்தின் ஆட்சி 1979-இலேயே விழுந்தது, அதன் பிறகும் நீடித்த உள்நாட்டுச் சண்டை 1990-களின் இறுதியில் ஓய்ந்தது. எச்ஐவி தொற்று குறைந்துகொண்டிருந்தது, வறுமையும் குறைந்துகொண்டிருந்தது. பெற்றோரை இழக்கும் பிள்ளைகள் திடீரென்று பெருக ஒரு காரணமும் இல்லை. பெருகியவர்கள் சுற்றுப்பயணிகள். 2005-இல் ஏறக்குறைய 1.4 மில்லியன் வெளிநாட்டவர் வந்தார்கள், 2010-இல் 2.5 மில்லியன். இல்லங்கள் முளைத்ததும் நாட்டின் ஏழ்மையான உள்மாவட்டங்களைவிடத் தலைநகரிலும் அங்கோர் வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சியம் ரீப்பிலும்தான் அதிகம்.

அந்த 269 இல்லங்களில் அரசாங்கம் நடத்தியவை 21 மட்டுமே. மற்றவை பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையில் ஓடியவை. அங்கே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பலருக்கு இருவருமே இருந்தார்கள். பிறகு 2015-இல் கம்போடிய அரசாங்கமும் ஐக்கிய நாட்டுச் சிறுவர் நல அமைப்பான யுனிசெஃபும் முறையாகக் கணக்கெடுத்தபோது 406 இல்லங்களில் 16,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் பலவற்றை எந்த அதிகாரியும் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

தாயும் தகப்பனும் இருக்க, ஒரு பிள்ளை எப்படி அனாதை இல்லத்துக்கு வருகிறது? கிராமத்தில் ஒரு தாய்க்கு நான்கு பிள்ளைகள். பள்ளிச் செலவைத் தாங்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் வந்து, பட்டணத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, மூன்று வேளையும் சாப்பாடு, பள்ளிக்கூடம், ஆங்கிலம், வெள்ளைக்காரர்கள் எல்லாம் வந்து பார்க்கிறார்கள் என்று சொல்கிறார். அந்தத் தாய் பிள்ளையை விற்கவில்லை, கைவிடவும் இல்லை. தனக்குத் தெரிந்தவரை பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்கிறாள். நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் படிப்புக்காகச் சொந்தக்காரர் வீட்டில் விடப்பட்டு வளர்ந்தவர்கள்! வேறுபாடு என்னவென்றால், இந்தப் பிள்ளை போகுமிடத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. பார்க்க வருபவர்களுக்கு முன்னால் அனாதையாக இருப்பதே அங்கே அந்தப் பிள்ளையின் வேலை.

நேப்பாளத்தில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. 1996 முதல் 2006 வரை நீடித்த மாவோவாதப் போரின்போது ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். பிள்ளையைப் போராளிகள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று பயந்த பெற்றோரிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு, நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று பிள்ளைகளைக் காட்மாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெற்றோர் இறந்துவிட்டதாகத் தாள்கள் தயாராயின. அப்படியே சொல்லவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. அந்த நாட்டின் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காட்மாண்டுப் பள்ளத்தாக்கு, பொக்காரா இருக்கும் காஸ்கி, சித்வன் என்று சுற்றுப்பயணிகள் போகும் சில மாவட்டங்களில் மட்டும் குவிந்து கிடந்தன. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெற்றோரோ அனுமதியோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது என்று அரசாங்கமே தடை போட வேண்டியிருந்தது. உதவ ஓடிவரும் வெளிநாட்டவர்களைப் பார்த்தால் அடுத்துத் தரகர்கள் ஓடிவருவார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

படகில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் பாத்தாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தோனீசியாவில் 2007-இல் ஆறு மாநிலங்களில் 37 இல்லங்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது இருப்பது தெரிந்தது. வந்த காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், படிப்பு. பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பாயில் படுத்திருப்பார்கள்.

இப்போது நம் பயணத்துக்கு வருகிறேன். வருகையாளர்களை நம்பி ஓடும் இல்லத்துக்குப் பிள்ளைகள் வேண்டும். கட்டில் காலியானால் நன்கொடை குறையும். ஒரு பிள்ளையைத் தாயிடமே திருப்பி அனுப்பினால் இல்லத்துக்கு நட்டம். பிள்ளைகள் கொழுகொழுவென்று இருந்தால், கட்டடம் பளிச்சென்று இருந்தால், வருபவரின் கை பைக்குள் போகாது. ஆகவே சில இல்லங்களில் பிள்ளைகளை வேண்டுமென்றே அரைவயிற்றோடும் கிழிந்த உடையோடும் வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. சியம் ரீப்பில் இரவு நேரத்தில் மதுக்கூடங்கள் நிறைந்த தெருக்களில் பிள்ளைகளை நிறுத்தித் துண்டுத்தாள் கொடுக்க வைத்தார்கள், இல்லத்துக்கு வந்து எங்கள் நடனத்தைப் பாருங்கள் என்று. எல்லா இல்லங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு, கடன் பட்டு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான்கு நாள் பயணத்தில் போகும் ஓர் ஆசிரியரால் எது எந்த வகை என்று பிரித்தறிய முடியாது. இத்தனை ஆண்டு இதே துறையில் இருக்கும் என்னாலும் முடியாது. அதோடு நல்ல இல்லத்துக்குப் போனாலும் இந்த மடலின் அடுத்த பகுதி அப்படியே பொருந்தும். என் வேலையில் நான் தினமும் பார்ப்பது அதைத்தான்.

நீங்கள் பேருந்தைவிட்டு இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். முன்பின் பார்த்திராத உங்கள் மாணவியின் இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள், மடியில் ஏறி உட்காருவார்கள், கையை விடமாட்டார்கள். அந்த நிமிடம்தான் மாணவர்களின் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. எவ்வளவு பாசம் பாருங்கள் என்கிறோம். உங்கள் வீட்டு மூன்று வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். புதியவர் வந்தால் அம்மாவின் பின்னால் ஒளியும், சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும், பத்து நிமிடம் கழித்துத்தான் மெதுவாகச் சிரிக்கும். அதுதான் நலமாக வளரும் குழந்தை. யாரைக் கண்டாலும் தாவும் குழந்தைக்கு, யார் தனக்குரியவர் என்ற பிடிப்பு உருவாகாமலே போயிருக்கலாம். எங்கள் துறையில் அதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வோம். அதைப் பார்த்து யாரும் மகிழ்வதில்லை.

இதற்கு வலுவான ஆய்வு இருக்கிறது. ருமேனியாவில் 1989-இல் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அரசாங்க இல்லங்களில் கிடந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகரில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் கூடியது, ஒருவரோடு நெருங்கிப் பழகும் தன்மை துளிர்த்தது, மூளையின் மின்னோட்டத்தில்கூட மாற்றம் தெரிந்தது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் பலன் மிக அதிகம். அந்த வயதில் ஒரு குழந்தைக்கு வேண்டியது, மாறாமல் கூடவே இருக்கும் ஒரு மனிதர். எழுந்தாலும் அழுதாலும் வரும் அதே முகம்.

நாம் என்ன கொடுக்கிறோம்? திங்கட்கிழமை வந்து மனத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு வியாழக்கிழமை போகிறோம். அடுத்த வாரம் ஆஸ்திரேலியப் பள்ளி ஒன்று, அதற்கடுத்த வாரம் ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு. எல்லாரும் அதே ஆங்கில எழுத்துப் பாட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லாரும் திரும்பி வருவோம் என்கிறார்கள். பெரியவர்கள் வருவதும் போவதும் இயல்பு, யாரிடமும் ஒட்டக் கூடாது என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. பதினாறு வயதில் அதே பிள்ளை யாரையும் நம்பாமலோ, இனிமையாகப் பேசும் முதல் ஆளை அப்படியே நம்பியோ நிற்கும். எது நடந்தாலும் அன்று நாம் அங்கே இருக்க மாட்டோம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்லவே மனம் கூசுகிறது. பதினேழு வயது மாணவர்கள் கேள்வி எதுவும் கேட்கப்படாமல் நுழையும் அதே வாசலில், கெட்ட எண்ணத்தோடு வருபவனும் கேள்வி கேட்கப்படாமல்தான் நுழைகிறான்.

இது வேற்று நாட்டுக் கதை மட்டுமல்ல. பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவது நம் குடும்பங்களில் ஊறிப்போன பழக்கம். தமிழ்நாட்டுக்குப் போகும்போது அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குபவர்கள் நம்மில் பலர். அந்தப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடி, கைகூப்பி நன்றி சொல்லி, அப்புறம் சாப்பிடுகிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவது புண்ணியம் என்று சொல்லி வளர்த்த நம் பாட்டிகள் யாரும், சாப்பிடும் முன் அவனைப் பாடச் சொன்னதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் வழங்கிய ஒரு முக்கியமான தீர்ப்பின் தலைப்பிலேயே தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது என்று இருக்கிறது. சுற்றுப்பயணிகள் குவியும் மாமல்லபுரத்து இல்லங்களைப் பற்றிய செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கு அது. நாட்டிலுள்ள எல்லாச் சிறுவர் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாக வேண்டும் என்றும், பிள்ளைகளை இல்லங்களில் அடைத்து வைப்பதைவிடக் குடும்பங்களில் வளர்க்கும் வழிகளை நாட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. கோயில் சுற்றுலாவோடு ஓர் இல்ல வருகையையும் சேர்க்கும் நம் அமைப்புகள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

உலகம் இந்த விஷயத்தில் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. 2009-இல் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி, வறுமை மட்டுமே ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்கிறது. 2019 டிசம்பரில் அதே சபை, அனாதை இல்லத் தொண்டூழியமும் சுற்றுலாவும் பிள்ளைகள் கடத்தப்பட வழி வகுக்கின்றன என்பதைக் கவனத்தில் கொண்டு, அதைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-இல் இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்தே ஆராய்ந்தது. கம்போடியாவில் 2011-இலேயே பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள்கள் அல்ல என்ற பிரசாரம் தொடங்கிவிட்டது. பிறகு அந்த அரசாங்கமே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் 30 விழுக்காட்டினரை 2018-க்குள் குடும்பங்களிடம் திருப்பி அனுப்ப இலக்கு வைத்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப அந்த நாட்டின் சமூகப் பணியாளர்கள் பாடுபடும் நேரத்தில், இல்லங்களை நிரப்பி வைக்கும் பணம் நம்மிடமிருந்து போவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நம் நாட்டில் நாம் அப்படிச் செய்வதில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சிங்கப்பூரில் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் 1956-இல் இருந்து நடக்கிறது. பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைக்கு, முதலில் குடும்பத்தைத்தான் தேடுகிறோம். பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. என் பொறுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்து யாராவது படமெடுத்து இன்ஸ்டகிராமில் போட்டால் நான் காவல்துறைக்குப் போக வேண்டியிருக்கும். அதே படத்தைக் கம்போடியப் பிள்ளையோடு எடுத்தால் பள்ளி ஆண்டுமலரில் அச்சாகிறது. தோவா பாயோவில் ஒரு பிள்ளைக்கு இருக்கும் மானம் சியம் ரீப்பில் இருக்கும் பிள்ளைக்கும் உண்டு.

நாங்கள் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏற்கெனவே ஓர் இல்லத்தோடு பல ஆண்டுத் தொடர்பு இருந்தால் பணத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வருகையை நிறுத்துங்கள், பணத்தைத் தொடருங்கள். அதோடு ஒரு கடிதம் எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், கடந்த ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், திரும்ப வைக்க என்ன செலவாகும், அந்தச் செலவை நாங்கள் தரட்டுமா என்று கேளுங்கள். அக்கறையுள்ள நிர்வாகி இந்தக் கடிதத்தைப் பார்த்து மகிழ்வார். பதில் வராவிட்டால், அல்லது வருகை இல்லையென்றால் பணம் எதற்கு என்ற தொனியில் பதில் வந்தால், அதை வைத்தே முடிவு செய்யலாம். ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பார்க்கும் செலவில், அந்தப் பிள்ளையோடு அதன் அண்ணன் தங்கைகளையும் சொந்த வீட்டிலேயே தாங்கிப்பிடிக்கலாம் என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சீருடை, அரிசி, அம்மாவுக்கு ஒரு தையல் இயந்திரம், அவ்வப்போது எட்டிப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர். பல வீடுகளுக்கு அது போதும்.

மாணவர்களுக்குக் கிடைக்கும் அனுபவம் என்னாவது என்பது அடுத்த கேள்வி. அவர்கள் போகட்டும், பார்க்கட்டும். கம்போடியாவின் சமூக நிறுவனங்களில், இளையர் தொழிற்பயிற்சி நடத்தும் உணவகங்களில், கண்ணிவெடி அகற்றுபவர்களிடம், பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்த்துவைக்கும் பணியாளர்களிடம் உட்கார்ந்து கேட்கட்டும். பதினேழு வயதில் கேட்டுக்கொண்டு வருவதே பெரிய வேலை. பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் மாணவருக்கு இங்கேயே இடம் இருக்கிறது. கிட்ஸ்ரீட் வாசிப்புத் திட்டத்தில் வாரா வாரம் அதே பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கலாம். ஓராண்டு முழுவதும் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் போவது நான்கு நாள் விமானப் பயணத்தைவிடக் கடினம், படமெடுத்துப் போடவும் அதில் ஒன்றும் இருக்காது. அப்படி வந்துகொண்டே இருப்பவர்களைத்தான் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அனுமதித் தாளில் கையெழுத்துப் போடும் முன் பயண நிரலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பள்ளியின் தொண்டூழிய மணி நேரக் கணக்குக்காகவோ பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காகவோ உங்கள் பிள்ளைக்கு இந்தப் பயணம் தேவைப்படுவதாகத் தோன்றினால், ஆசிரியரிடம் பேசி மாற்று ஏற்பாடு கேளுங்கள். ஆசிரியர்களில் பலருக்கும் உள்ளுக்குள் இதே தயக்கம் இருக்கிறது. முதலில் யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டுப் பயணச்சீட்டு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். இல்லத்துக்கு ஒதுக்கிய நாளை மட்டும் மாற்றுங்கள். முகவர் அந்த நாளைத் தொகுப்பிலிருந்து பிரிக்க முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். மாணவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் புரிந்துகொள்வார்கள். அதற்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். எந்தப் பள்ளிக்கும் எந்த மன்றத்துக்கும் வார இறுதியில் வந்து பேச நான் தயார்.

அன்புடன்,
வளர்ப்புப் பராமரிப்புத் துறையில் பணியாற்றும் ஒரு சமூகப் பணியாளர்,
சிங்கப்பூர்